கேன்சருக்குப் பிறகு மார்பகச் சீரமைப்பு: கணவர் கையெழுத்தும் காப்பீட்டுப் பணமும்

கேள்வி: எனக்கு வயது 43. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். 2021-இல் கேன்சருக்காக இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறேன். இடது பக்கம் இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மார்பு) வைத்து, வலது பக்கத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சமப்படுத்தலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி 'இது அழகு சிகிச்சை' என்று கேஷ்லெஸ் (மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) மறுத்துவிட்டது. 2016 முதல் விடாமல் பிரீமியம் கட்டுகிறோம். கேன்சர் ஆபரேஷனுக்கு இதே கம்பெனிதான் பணம் கொடுத்தது. என் கணவர் 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு' என்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் செய்ய மாட்டோம் என்கிறது மருத்துவமனை. நான் என்ன செய்வது மேடம்?

பதில்: சகோதரி, முதலில் கையெழுத்து விஷயத்தைப் பார்த்துவிடுவோம். சுயநினைவோடு இருக்கும், வயது வந்த ஒரு பெண்ணின் உடலில் கத்தி வைக்க அவருடைய சம்மதம்தான் வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். பெற்ற தாயாகவே இருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். கூட இருக்கும் அட்டெண்டர் என்று உங்கள் அக்காவோ தங்கையோ கையெழுத்துப் போடலாம், அதில் தவறில்லை. ஆனால் இது அவசரச் சிகிச்சை இல்லை என்பதால், செய்யவே மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கும் மருத்துவமனையைக் கட்டாயப்படுத்துவது கடினம். வேறு மருத்துவமனை பாருங்கள். கணவரோடு பேசுங்கள், அவர் பயத்தைக் கேளுங்கள். முடிவு மட்டும் உங்களுடையது.

அடுத்தது காப்பீடு. நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்தேன். சிகிச்சை என்ற இடத்தில் 'பைலேட்டரல் பிரெஸ்ட் ஆக்மென்டேஷன்', அதாவது இரு மார்பையும் பெரிதாக்குதல் என்று ஒரே வரி. நோய் விவரம் எழுத வேண்டிய கட்டத்தில் வெறும் கோடு. கேன்சர், 2021 ஆபரேஷன், கரண்ட், எதுவுமே அந்தத் தாளில் இல்லை. இதைப் பார்த்த டிபிஏ-காரர் (கம்பெனிக்காக கிளெய்ம்களைப் பரிசீலிப்பவர்) அழகுக்காகப் பெரிதாக்கிக்கொள்கிறார் என்று நினைத்ததில் வியப்பில்லை.

உங்கள் பாலிசி புத்தகத்தில் 'எக்ஸ்க்ளூஷன் 08' என்ற குறியீடு இருக்கும். காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2019-இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் அது. அழகு சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பணம் கிடையாது என்று தொடங்கும். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். விபத்து, தீக்காயம், கேன்சர் இவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்கு இந்தத் தடை பொருந்தாது என்று அதே வாக்கியம் சொல்கிறது. இடது பக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் வழக்கு பலமானது. வலது பக்கத்தில் கம்பெனி தகராறு செய்யலாம். இடது பக்கத்துக்கு ஈடாக்கத்தான் வலதையும் தொடுகிறோம், இரண்டும் ஒரே சீரமைப்பு என்று சர்ஜன் காரணத்தோடு எழுதித் தந்தால் வாதாட இடம் உண்டு. பெரிதாக்கும் ஆசைக்காக மட்டும் என்றால் பணம் வராது, அதை மறைத்து எழுதவும் சொல்லாதீர்கள். பில்லை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். வலது போனாலும் இடது நிற்கும்.

2021 சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், கரண்ட் வைத்த விவரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதி. இவற்றோடு புதிய எஸ்டிமேட், சர்ஜன் கடிதம், கேன்சர் டாக்டரின் ஒப்புதல் சேர்த்து மறுபடி விண்ணப்பியுங்கள். கேஷ்லெஸ் மறுத்ததாலேயே எல்லாம் முடிந்துவிடாது. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகும் கிளெய்ம் போடலாம். அப்போதும் மறுத்தால் எந்த ஷரத்தின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் (கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிப்பவர்) அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. நுகர்வோர் வழக்கை முதலில் போட்டுவிட்டால் ஓம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், படித்த பிறகு கையெழுத்திடுங்கள். கரண்ட் வைத்த இடத்தில் இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு இறுகும் வாய்ப்பு அதிகம். இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிற்காது, மாற்ற நேரலாம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில வகைகளால் அரிதாக ஒருவித நிணநீர்ப் புற்றுநோய் வருவதால், 2019-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்டு ஒரு நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றது. எந்த வகை, என்ன சீரியல் எண் என்ற ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு எதற்காவது வழக்குப் போட வேண்டி வந்தால் அந்த ஸ்டிக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

எங்கும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஒருமுறை கருத்துக் கேளுங்கள். உங்களுக்குப் பக்கம்தான். ஓ.பி. சீட்டுப் போட்டு, பழைய ரிப்போர்ட்டுகளோடு காலையிலேயே போய்விடுங்கள்.