கேள்வி – பதில்: பினாங்கு தந்த ஸ்குவாஷ் வீராங்கனை

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து தலைமுறைகளாகப் பினாங்குக்குப் பிழைக்கச் சென்றவர்கள் பலர். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். அந்தத் தீவில் பிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் ஒலிம்பிக் பதக்கம் பெறாதது ஏன்?
– வாசகி, கீழக்கரை

பதில்: குறை அவருடையதன்று. அவர் விளையாடிய காலம் முழுவதும் ஸ்குவாஷுக்கு ஒலிம்பிக்கில் இடமே இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமென்று அவர் பல ஆண்டுகள் முன்நின்று வாதாடினார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் அது முதன்முறையாக இடம்பெறவிருக்கிறது. அவரோ 2019-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

1983-இல் பிறந்த நிக்கோல், தந்தை வழியில் இந்திய வம்சாவளியினர், தாய் சீனர். ஆம்ஸ்டர்டாமில் லிஸ் இர்விங்கிடம் பயிற்சி பெற்று, 2005 முதல் 2014 வரை எட்டு முறை உலகப் பட்டம் வென்றார். 2006 ஆகஸ்டு முதல் 2015 வரை ஒன்பது ஆண்டுகள் உலகத் தரவரிசையின் முதலிடத்தை அவர் விடாமல் காத்ததையே நான் பட்டங்களைவிடப் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில், 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட அறைக்குள், சுவரில் மோதித் திரும்பும் பந்தை முன்மூலைக்கும் பின்மூலைக்கும் ஓடி ஓடி எடுக்கும் இந்த ஆட்டத்தில் முழங்காலும் இடுப்பும் விரைவில் தளர்ந்துவிடும். 2014 கெய்ரோ இறுதியாட்டத்தில், எகிப்தின் ரனீம் எல் வெலிலி வெற்றிக்கு ஒரே புள்ளி தொலைவில் நின்ற நிலையிலிருந்து மீண்டு அவர் வென்றார்.

இப்போது கோலாலம்பூரில் சிறுவர் சிறுமியருக்கு ஸ்குவாஷும் ஆங்கிலமும் கற்பிக்கும் அமைப்பை நடத்திவருகிறார்.