புரோட்டானா, இரும்பா: 98 சதவீதத்தை நம்பலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு. அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் பொதுவில் விட்டிருக்கும் காஸ்மிக் கதிர்த் தரவை (விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களின் பதிவுகள்) எடுத்து, வந்த ஒவ்வொரு துகளும் புரோட்டானா, இரும்பு அணுக்கருவா என்று பிரிப்பது என் ப்ராஜெக்ட். 98 சதவீதம் சரியாகப் பிரிக்கும் ஏஐ ப்ரோக்ராம் தருவதாக ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதோடு போகட்டும்.

அந்தத் துகள் தரைக்கு வருவதே இல்லை. மேலே காற்றில் மோதி, கோடிக்கணக்கான துகள்களாகப் பெருகிக் கொட்டுகிறது. அந்தப் பொழிவைத்தான் அளக்கிறார்கள். இரும்பின் ஆற்றல் அதிலுள்ள 56 நியூக்ளியான்களுக்கும் (புரோட்டான், நியூட்ரான்களுக்கும்) பங்காகிவிடுவதால் பொழிவில் துகள் எண்ணிக்கை சீக்கிரமே உச்சம் தொடும். புரோட்டான் இன்னும் ஆழம் இறங்கும். உச்சம் தொடும் இந்த ஆழத்துக்கு எக்ஸ்மேக்ஸ் என்று பெயர், கடந்துவந்த காற்றின் எடையில் அதை அளப்பார்கள். இரண்டுக்கும் சராசரி வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிராம் காற்று. ஆனால் புரோட்டான் பொழிவுகள் தமக்குள்ளேயே 60 கிராம் அளவுக்கு முன்பின் ஆகும். ஆகவே ஒவ்வொன்றாக முத்திரை குத்த முடியாது. மொத்தமாகச் சேர்த்துச் சராசரியும் சிதறலும் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒரு விலக்கு உண்டு. மிக ஆழத்தில் உச்சம் தொட்ட பொழிவை 'இரும்பு அல்ல' என்று தனியாகவே சொல்லிவிடலாம். இரும்பின் சிதறல் 20 கிராம் அளவுதான், அத்தனை ஆழம் அது போகாது. கவனியுங்கள், 'இரும்பு அல்ல' என்றேன், 'புரோட்டான்' என்று சொல்லவில்லை, ஹீலியமாகவும் இருக்கலாம். இதைத் திருப்பிப் போட்டால் செல்லாது. மேலேயே உச்சம் தொட்டதால் இரும்பு என்று எழுதிவிடாதீர்கள். புரோட்டானும் சில நேரம் உயரத்திலேயே மோதிவிடும்.

இனி அந்த 98. வானத்திலிருந்து வந்த எந்தப் பொழிவிலும் பெயர் எழுதியிருக்காது. சிமுலேஷனில் பழக்கி, அதே சிமுலேஷனில் சோதித்த மதிப்பெண் அது. வினாத்தாள் எடுத்தவரே பரீட்சையும் எழுதித் தானே திருத்திக்கொண்ட கதை. எந்த மாடலில் பழக்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. துகள் மோதலைக் கணிக்கும் மாடல்களான எபோஸ், சிபில், க்யூஜிஎஸ்ஜெட் மூன்றும் எக்ஸ்மேக்ஸுக்கு ஒரே சராசரியைத் தருவதில்லை. பொழிவில் தரை வரை வரும் மியூவான் என்ற துகள்களின் எண்ணிக்கையிலோ, ஓஜேயில் அளந்ததைவிட எல்லாமே குறைத்துச் சொல்கின்றன. இரும்புப் பொழிவில்தான் மியூவான் அதிகம் என்பதால், அதை நம்பிப் பிரித்தால் புரோட்டான்கூட இரும்பாகத் தெரியும்.

தரவும் இலவசம், அதைப் படிக்கும் பைதான் நோட்புக்குகளும் இலவசம். எக்ஸ்மேக்ஸ் தருபவை, பொழிவு காற்றில் எழுப்பும் மங்கலான ஒளியைப் பார்க்கும் தொலைநோக்கிகள். நிலவில்லாத தெளிந்த இரவுகளில், மொத்த நேரத்தில் சுமார் 15 சதவீதம்தான் அவை இயங்கும். அதனால் ஹைப்ரிட் நிகழ்வுகளை, அதாவது தொலைநோக்கியும் தரைக் கருவிகளும் சேர்ந்து பதிந்த பொழிவுகளை மட்டும் எடுங்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று நிகழ்வுகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைத் தளர்த்த வேண்டாம். ஆற்றல்வாரியாகப் பிரித்துச் சராசரி போடுங்கள். 2-க்குப் பின் 18 சுழியம் எலெக்ட்ரான் வோல்ட் வரை வரும் துகள்களின் கலவை இலேசாகிக்கொண்டே (புரோட்டான் பக்கம்) போய், பிறகு கனக்க (இரும்பு பக்கம்) தொடங்குவதை ஓஜே கண்டிருக்கிறது. அந்தத் திருப்பத்தின் சாயல் உங்கள் வரைபடத்தில் தெரிந்தால் ப்ராஜெக்டுக்கு அது தாராளம்.

அக்யூரசி சதவீதம் இல்லாத ப்ராஜெக்டைப் பார்த்து முகம் சுளிக்கும் துறைகள்தான் இந்தக் கடைகளை வாழவைக்கின்றன. வைவாவில் கேட்டால் பிழைக்கோடுகளைக் காட்டுங்கள். கைடு அப்போதும் 98-தான் வேண்டும் என்றால், எந்தத் தரவில் சோதித்த 98 என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.