எண்ணெயை நிறுத்தியபின் கால் தோல் உரிகிறது: துவாரகா சகோதரிக்குப் பதில்

சகோதரி, கொலஸ்ட்ராலுக்குப் பயந்து தாளிக்கக்கூட எண்ணெய் விடுவதில்லை, முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாக உரிகிறது, கிரீமும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். டெல்லி ஜனவரிக் காற்று, ரூம் ஹீட்டர், கொதிக்கக் கொதிக்கக் குளியல் என எல்லாமே தோலை வறட்டும். ஆனால் சாப்பாட்டையும் பாருங்கள்.

மேல்தோலில் செல்களுக்கு நடுவே செராமைடு என்ற கொழுப்பு இருக்கிறது. ஈரம் வெளியே போகாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதன் முக்கியமான சில வகைகள் உருவாக லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வேண்டும். அதை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். 1929-லேயே அமெரிக்காவில் பர் தம்பதியர், கொழுப்பே இல்லாத தீனி தின்ற எலிகளுக்குத் தோலும் வாலும் செதிலாவதைக் காட்டினார்கள்.

உங்களுக்கு அந்த அளவு பற்றாக்குறை இருக்காது. கோதுமை, பருப்பில் கொஞ்சம் கிடைக்கும், உடம்பிலும் சேமிப்பு உண்டு. இருந்தாலும் எண்ணெயை அடியோடு விடுவது வேண்டாத பட்டினி. இட்லிப் பொடிக்கு தாராளமாக நல்லெண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். அதில் சுமார் 40 சதவீதம் லினோலிக். தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம்தான். நல்லெண்ணெய், கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நெய், டால்டா ரகமும் அல்ல. உடம்பால் தயாரிக்க முடியாத இன்னொரு கொழுப்பான ஒமேகா-3-க்கு, அங்கே அல்சி என்று விற்கும் ஆளி விதையை வறுத்துப் பொடித்து மோரில் கலக்கலாம்.

மேல்தோல் புதுசாக ஒரு மாதமாவது ஆகும், பொறுங்கள். அதுவரை வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் காயுமுன் கிரீம் தடவுங்கள். முடி கொட்டுதல், அசதியும் இருந்தால் தைராய்டு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.