60 கிலோமீட்டர், நாலு பழைய ஊர்கள்: ரோடு சைக்கிள் கேள்வி பதில்

வயல்வெளி வழியாக 60 கி.மீ. வரை, நடுவில் மூன்று நான்கு பழமையான ஊர்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்பும் சுற்று. இந்த மாதிரிப் பயணங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சமதளத்தில் 50 கி.மீ. சாதாரணமாக ஓட்டுவேன். 'மிதமானது' என்று போட்டிருந்த 60 கி.மீ. சுற்றில் நாக்கு தள்ளிவிட்டது. ஏன்?

தூரத்தைப் பார்த்தீர்கள், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. 10 கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏற்றம் என்று கணக்கு வந்தாலே அது மேடுபள்ளமான பாதைதான். 60 கி.மீ. சுற்றில் மொத்த ஏற்றம் 600 மீட்டருக்குக் குறைவாக இருந்தால்தான் நான் மிதமானது என்பேன்.

அந்த மொத்தத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய ஊர்கள் பலவற்றைப் பாதுகாப்புக்காகவோ வெள்ளத்துக்குப் பயந்தோ மேட்டில் கட்டியிருப்பார்கள். ஊருக்குள் போகும் பாதை, நடப்பவர்களுக்கும் வண்டிமாடுகளுக்கும் போட்டது. புதிய மலைச்சாலை மாதிரி வளைந்து வளைந்து ஏறாமல் பல இடங்களில் நேராக ஏறும். கடைசி 500 மீட்டரில் 50 மீட்டர் ஏறினால் 10 சதவீதச் சரிவு. நாலு ஊர், நாலு தடவை! மொத்த ஏற்றத்தில் இது 200 மீட்டர்தான், ஆனால் கால் போவது அங்கேதான். வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் முந்தைய ஒரு கிலோமீட்டரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அக்கா, என் வண்டியின் பல்சக்கரங்களில் முன்னால் 50/34 பல், பின்னால் 11 முதல் 28 பல். மேடேற இந்தக் கியர் போதுமா?

சமதளத்துக்குத் தாராளம். நான் சொன்ன 10 சதவீத மேட்டுக்குக் கஷ்டம். இருப்பதிலேயே லேசான 34-28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. வேகம் வரும். அந்தச் சரிவில் 9 கி.மீ. வேகத்தைப் பிடிக்க, ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 200 வாட்டுக்கு மேல் வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் அதே மிதிக்கு ஏழரை கி.மீ.தான், மூச்சு வாங்காமல் ஏறலாம். வாங்குவதற்கு முன் உங்கள் பின் டீரெய்லர் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகம்) அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கித் தள்ளினாலும் ஒன்றும் குறைந்துவிடாது, அது வேறு விஷயம்.

கேள்வி: ஊருக்குள் கல் பாவிய தெருக்கள். டயரில் எவ்வளவு காற்று?

25 மி.மீ. டயர் என்றால் முதலில் 28-க்கு மாறுங்கள், ஃபிரேமில் இடம் இருந்தால் 30. உடல் எடை 70 கிலோ இருப்பவருக்கு 28-இல் 70 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பக்கத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். கல்லாய் அடித்துவைத்தால் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை. கரடுமுரடான பரப்பில் அது உடம்பைக் குலுக்கத்தான் செய்யும். ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்க உள் ஓரத்தில் கொக்கி இல்லாத ரிம்) வைத்திருப்பவர்கள் 5 பாரை, அதாவது 72.5 பிஎஸ்ஐயைத் தாண்டவே கூடாது.

கல் தெருவில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஒரு கியர் கனமாகப் போட்டு, மிதிப்பதை நிறுத்தாமல் போங்கள். கல் நனைந்திருந்தால் பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், திருப்பத்தில் தொடக் கூடாது.

கேள்வி: சுற்றை எந்தத் திசையில் ஓட்டுவது?

எதிர்காற்று முதல் பாதியில் வரும்படி. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால் உடம்பில் படும் காற்று 40. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு. திரும்பும்போது பின்காற்று தள்ளுமே, சமமாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதில்தான் அதிக நேரம் கழியும். களைத்த காலோடு அதைச் சந்திக்க வேண்டாம்.

கேள்வி: பசிக்கும்போது ஊரில் சாப்பிட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். முதல் முக்கால் மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். வயிறு முட்டச் சாப்பிடுவதைக் கடைசி மேட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளிப் ஷூ போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்க்க முடியுமா மேடம்?

கிளீட் என்பது பெடலில் மாட்டிக்கொள்ள ஷூவின் அடியில் இருக்கும் துண்டு. மூன்று போல்ட் ரோடு கிளீட் என்றால் வழவழப்பான கல் படியில் வழுக்கி விழுவீர்கள். எஸ்பிடி என்ற சிறிய வகைக் கிளீட் ஷூவின் அடிப்பாகத்துக்குள் அமுங்கியிருக்கும், நடக்கலாம். இந்த வகைச் சுற்றுக்கு நான் அதைத்தான் போடுவேன்.

கேள்வி: நாய் துரத்தினால்?

இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நடங்கள்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

சராசரி 20 கி.மீ. வேகம் என்றால் ஓட்டுவதற்கே 3 மணி நேரம். பார்க்கத் தகுந்த ஊர் என்றால் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரமாவது போகும். ஆக 5 மணி நேரம், பஞ்சருக்கு இன்னொரு அரை மணி. மதியத்துக்கு மேல் கிளம்புகிறவர்கள் ஓர் ஊரைக் கழித்துவிடுங்கள், விளக்கையும் சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள்.