செம்பா, சதகுப்பையா?

கே: 'கோப்பர்நிக்கன்' என்ற ஆங்கிலச் சொல் எப்படி வந்தது சார்?

ப: 1473இல், இன்றைய போலந்தின் தோரூன் நகரில் பிறந்த வானியலாளர் கோப்பர்நிக்கஸின் வீட்டுப் பெயர் கோப்பெர்னிக். அந்தக் காலத்துப் படிப்பாளிகள் லத்தீனில் எழுதுவார்கள், பெயரையும் லத்தீனாக்கிக்கொள்வார்கள். அப்படி ஒட்டியது 'உஸ்'. ஆங்கிலம் அதைக் கழற்றிவிட்டு 'அன்' சேர்த்தது.

கே: காப்பரிலிருந்து வந்த பெயர்தானே? அப்பா செம்பு வியாபாரியாமே!

ப: செம்பு வியாபாரிதான், கிராக்கோவிலிருந்து தோரூனுக்குக் குடிவந்தவர். ஆனால் பெயர் அவர் தொழிலால் வந்ததல்ல, அவருக்கு முன்பே குடும்பத்தில் இருந்தது. இன்றைய போலந்தின் தெற்கே சிலேசியா என்ற பகுதியில், நிசா ஊர்ப் பக்கம் கோப்பெர்னிக்கி என்றொரு கிராமம். பெயரின் வேர் அங்கே என்பதே பெரும்பாலோர் கருத்து. ஊர்ப்பெயருக்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை. போலிஷ் மொழியில் 'கோப்பெர்' என்றால் சதகுப்பை, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் கிள்ளிப் போடுவார்களே, அது. 'நிக்' ஸ்லாவிய விகுதி. ஒலி ஒத்துப்போனால் உடனே முடிச்சுப் போடாதீர்கள்.

கே: போலிஷிலும் செம்புக்குக் 'கோப்பர்'தானே?

ப: இல்லை. 'மியெச்'.

கே: சிலேசியாவில் ஜெர்மன் பேசியவர்களும் இருந்தார்களே. அவர்கள் வாயில் செம்பு 'குப்ஃபர்'. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

ப: மறைக்கவில்லை ஐயா, அந்தக் கட்சியும் உயிரோடு இருக்கிறது. குடும்பப் பெயரையே 'கோப்பர்னிக்', 'கோப்பெர்னிக்' என்று பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டலை வைத்து ஒரு பக்கமும் ஜெயிக்க முடியாது. எனக்குச் சதகுப்பைப் பக்கம் சாய்வு, காரணம் அந்த விகுதி.

கே: அப்படியானால் அவர் ஜெர்மானியர்தானே?

ப: வந்துவிட்டதா! தோரூன் 1466 முதல் போலந்து அரசரின் கீழ். அவர் எழுதியது லத்தீனிலும் ஜெர்மனிலும். இன்றைய பாஸ்போர்ட்டை அவர் கையில் திணிக்காதீர்கள்.

கே: கோப்பர்நிக்கஸ் சொன்னபடி சூரியன் நடுவில் என்றால் நம் பஞ்சாங்கம் தப்பா?

ப: வானியல் பகுதியில் கேளுங்கள்.

கே: 'கோப்பர்நிக்கன் புரட்சி' என்ற தொடர் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் சொன்னதா?

ப: 1787இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், தன் முயற்சியைக் கோப்பர்நிக்கஸின் யோசனையோடு ஒப்பிட்டார். அந்தத் தொடரை அவர் எழுதவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒட்டியது.

கே: சார், காப்பர்...

ப: மேலே படியுங்கள்.

கே: கோப்பர்நிசியம்?

ப: 112ஆம் தனிமம். 2010 பிப்ரவரி 19, கோப்பர்நிக்கஸ் பிறந்தநாளில் பெயர் அறிவித்தார்கள். முதலில் கேட்ட குறியீடு 'சிபி'; அது முன்பு லுட்டீசியம் என்ற வேறொரு தனிமத்துக்கு வழங்கிய பழைய குறி என்பதால் 'சிஎன்' ஆயிற்று. இதிலும் செம்பு கிடையாது.