நன்றி யாருக்கு, எப்போது? தண்டுவடக் காயத்தோடு வாழும் ஒருவரிடம் சில கேள்விகள்

2009இல் பெயின்ட் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்தேன். அப்போது எனக்கு 26 வயது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இப்போது தென்காசிப் பக்கம் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் கிடையாது. இத்தனை வருடத்தில் என் உடம்பு கற்றுக்கொடுத்ததையும், நல்ல டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சொல்லிக்கொடுத்ததையும்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாவது வாரமே வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்து உரிந்துவிட்டது. மஞ்சள் பற்று போடலாமா? (பொள்ளாச்சியிலிருந்து ஒரு தங்கை)

பதில்: வேண்டாம்மா. மஞ்சள், பவுடர், சாம்பல் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. சிவந்த இடத்தைத் தேய்த்து விடவும் கூடாது. அது படுக்கைப் புண். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, அங்கே ரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருகிறது. உணர்வு இருக்கிறவர்களுக்கு வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டு படுப்பார்கள். அவருக்கு வலி தெரியாது, அதனால் உடம்பு புரளாது. எனவே அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்ப்பதுதான் முதல் மருந்து. புண் ஆறும்வரை அவர் மல்லாந்து படுக்கவே வேண்டாம். இடது பக்கம், வலது பக்கம் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிப் படுக்க வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. விரிப்பு ஈரமானால் உடனே மாற்றுங்கள். முடிந்தால் ஆல்ஃபா பெட் (காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை) வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. ஆனால் அது வந்த பிறகும் புரட்டுவதை நிறுத்தக்கூடாது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை யாராவது வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை நசுக்கி, நடுவில் இருக்கும் புண்ணுக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும்.

தினமும் காலையில் உடம்பு முழுக்க ஒரு தடவை பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. மாநிறமான, கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சூடு, வீக்கம், கெட்டித்தன்மை இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் தோல் ஏற்கெனவே உரிந்துவிட்டதால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கறுத்த தோல், நாற்றம், காய்ச்சல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் நிறையக் கொடுங்கள். சாப்பாடு சரியில்லாமல் புண் ஆறாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கல்யாணத்துக்காக மூன்று மணி நேரம் காரில் போனேன். பேன்ட்டின் பின் பாக்கெட்டில் சாவிக்கொத்து இருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆனது. அதற்கப்புறம் பின் பாக்கெட் வைத்த பேன்ட் நான் போடுவதே இல்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு கைகளையும் ஊன்றி எழும்பி, ஒரு நிமிடம் அப்படியே இருப்பேன். வந்த கஸ்டமர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, எழும்பிவிடுவேன்.

கேள்வி: மூத்திரப் பையைக் கட்டிக்கொண்டு வெளியே போகக் கூச்சமாக இருக்கிறது. ஆறு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. வேறு வழி உண்டா? (29 வயது, திருச்சி)

பதில்: பெரும்பாலும் உண்டு தம்பி. கை நன்றாக வேலை செய்கிறவர்கள், நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாங்களே டியூப் விட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு, டியூபை வெளியே எடுத்துவிடலாம். நடுவில் பை எதுவும் தேவைப்படாது. நிரந்தரமாக டியூப் போட்டு வைப்பதைவிட இதில் கிருமித் தொற்றும் குறைவு. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடாதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். ஆனால் இதை டாக்டரிடமோ நர்ஸிடமோ நேரில் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை கிட்னி ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் தண்டுவடத்தில் அடி நடு மார்பு மட்டத்துக்கு மேலேயா, கீழேயா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த மட்டத்திலோ மேலேயோ என்றால் இது உயிர் விஷயம். திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்ந்து உட்கார வையுங்கள், டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா பாருங்கள், சரியாகாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வருகிறவர்கள் எல்லாம், "தலையில் அடிபடாமல் உயிர் தப்பினாயே, கடவுளுக்கு நன்றி சொல்லு" என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் கெட்டவனா? (24 வயது, விழுப்புரம்)

பதில்: இல்லவே இல்லை. உன் வயதில் எனக்கும் அதே எரிச்சல்தான். ஒருவன் இழந்ததை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே அவனை நன்றி சொல்லச் சொன்னால், அவன் வாயை மூடச் சொல்வதுபோலத்தான் அவனுக்குக் கேட்கும். முதல் இரண்டு வருடம் நான் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

அப்புறம் ஒரு சித்திரை மாத ராத்திரி. கரண்ட் இல்லை. இரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து என்னைப் புரட்டிப் படுக்க வைத்தார். துண்டை மடித்துக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்துவிட்டு, என் குதிகாலில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார். வேலை செய்து செய்து காய்த்துப்போன கையில் சூடு சரியாகத் தெரியவில்லையாம், அதனால் கன்னம். டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் இப்படித்தான் கன்னம் வைத்துப் பார்த்திருக்கிறார், எனக்கு உணர்வில்லாததால் தெரியவில்லை.

அப்போதும் வாயால் எதுவும் சொல்ல வரவில்லை. மறுநாள் பிசியோதெரபிஸ்டிடம், நானே புரண்டு படுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். கட்டிலில் கயிறு கட்டிப் பழகினேன். ஆறு வாரம் ஆனது. கற்றுக்கொண்ட அன்று, "அலாரம் வச்சு நானே பாத்துக்கிறேன், நீ படும்மா" என்றேன். நான் அம்மாவுக்குச் சொன்ன நன்றி அதுதான்.

உனக்கு எப்போது வருமோ அப்போது வரட்டும். யாருக்காகவும் முந்திக்கொண்டு சொல்லாதே.

கேள்வி: எனக்குத் தசைச் சிதைவு நோய். மூன்று வருடமாகத் தோழிகள்தான் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். தேங்க்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சண்டை வந்தால்கூட எதிர்த்துப் பேசப் பயம், நாளைக்குத் தூக்காமல் விட்டால்? இந்தக் கடனை எப்படி அடைப்பது அண்ணா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கடன் உன்னுடையதே இல்லைம்மா, கல்லூரியினுடையது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கட்டிடத்தை உன்னைப் போன்றவர்களும் பயன்படுத்தும்படி வைத்திருப்பது கல்லூரியின் கடமை. லிஃப்ட் வைக்க நாளாகும். உன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு நாள் போதும். முதல்வருக்கு எழுத்தில் மனு கொடு. ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள். தோழிகளையும் கையெழுத்துப் போடச் சொல். இன்னொன்று, உன் நோயில் தோள் தசை தளர்ந்திருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் நழுவி விழுந்துவிடுவாய். அதையும் மனுவில் எழுது.

வகுப்பு கீழே வந்த பிறகு அவர்களோடு தாராளமாகச் சண்டை போடு. அவர்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறமும் உனக்குள் மிச்சமிருக்கிற நன்றிக்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு உதாரணம் இருக்கிறது. ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கு பெங்களூர் போனார். அங்கே நடந்த உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவருக்கு சிகிச்சை அளித்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். 1981இல் ஊரில் குழந்தைகளுக்காக ஒரு சேவை அமைப்பைத் தொடங்கியபோது, அதற்கு அந்த டாக்டரின் பெயரைத்தான் வைத்தார்: அமர் சேவா சங்கம். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பஞ்சாபி டாக்டர் ஒருவரின் பெயரை இன்றைக்குத் தென்காசிப் பக்கத்துத் தாய்மார்கள் தினமும் சொல்கிறார்கள். நன்றி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

கேள்வி: நர்சிங் முடித்த மூன்றாவது மாதம் விபத்து. படிப்பு வீணாகிவிட்டது என்று அழுதுகொண்டே இருக்கிறேன். (வேலூர்)

பதில்: உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது சகோதரி. மேரி வர்கீஸ் என்ற டாக்டர் வேலூர் சி.எம்.சி.யில் பயிற்சியில் இருந்தபோது 1954இல் சாலை விபத்தில் சிக்கினார். கால்கள் இரண்டும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். அவர் தலைமையில் 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்றும் நடக்கிறது. அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். தண்டுவடம் அடிபட்டவருக்கு டியூப் விடக் கற்றுக்கொடுக்க, அதே உடம்போடு வாழ்கிற ஒரு நர்ஸ் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எனக்கு அப்படி ஒருவர் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: அம்மாவுக்காக வாசலில் சாய்தளம் கட்ட வேண்டும். இரண்டு படி இருக்கிறது. எவ்வளவு நீளம்? (தஞ்சாவூர்)

பதில்: ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படி இரண்டு என்றால் 12 அடி. கொத்தனார் "ஐந்தடி போதும்" என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். அது ஏறும்போது கவிழ்க்கும். இடம் பற்றாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், ஓரத்தில் கைப்பிடி வையுங்கள். அப்படியே பாத்ரூம் கதவையும் அளந்துவிடுங்கள். வாசலில் ஏறி வந்தவர் பாத்ரூமுக்குள் நுழைய முடியாமல் நிற்கிற வீடுகள் நிறைய. மூன்றடி அகலமாவது வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்.

கேள்வி: உதவித்தொகைக்கு எங்கே போவது? (பலர்)

பதில்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) எடுத்துவிடுங்கள், மற்ற எல்லாமே அதை வைத்துத்தான். தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம். வாங்கும்போது தலைகுனியத் தேவையில்லை.

கேள்வி: தெருவில் சக்கர நாற்காலியில் வருகிறவரைப் பார்த்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: "உதவி வேணுமா?" என்று ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். கேட்காமல் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். நாற்காலி எங்கள் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. அப்புறம், பேச வேண்டியதை எங்களிடமே பேசுங்கள், கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்க வேண்டாம்.

கேள்வி: சமீபத்தில் மனசு நிறைந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். (சென்னை)

பதில்: சமீபம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்த பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதில் கடல் பார்த்தது. விழுந்த பிறகு மணலைத் தாண்ட வழியில்லாமல் ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பாதை முடிகிற இடம் வரைக்கும் போனேன். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றார்.

சுண்டல்காரர் ஒருவர் வந்தார். என் காலைப் பார்க்கவில்லை, "என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்கவில்லை. "மாங்கா போடவா, காரம் தூக்கலா இருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்களிடம் போய் அதே குரலில் அதையே கேட்டார்.