கோப்பு நீதிபதிகளிடம் போகும் முன்

கேள்வி: உயர் நீதிமன்றப் பதிவுத்துறையில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உதவியாளராகச் சேர்ந்து, பிரிவு அலுவலர், உதவிப் பதிவாளர் என்று வந்து, போன மாதம் துணைப் பதிவாளர் ஆனேன். நீதிபதிகளின் விதிக் குழு வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வழக்குக் கோப்பு எனக்கு அத்துப்படி, இது புதிது. உரிமையியல் வழக்குகளில் சம்மனை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம் என்று ஒரு மாவட்ட நீதிபதி அனுப்பிய முன்மொழிவு மேசையில் இருக்கிறது. குறிப்பு எப்படி எழுதுவது? நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபட்டால் நான் என்ன செய்வது? ஒரு முடிவு சட்டப்படி தவறு என்று எனக்குத் தோன்றினால் சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வழக்குக் கோப்பில் மனு வரும், எதிர்மனு வரும், இரண்டு பக்கத்து வக்கீல்களும் எடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். குழுக் கோப்பில் எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. முன்மொழிவில் ஓட்டை இருந்தால் அதை நீதிபதிகளுக்குக் காட்ட உங்கள் குறிப்பை விட்டால் வேறு வழி இல்லை. நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை இதிலிருந்துதான் வருகிறது.

சம்மன் கோப்பையே எடுத்துக்கொள்வோம். படித்ததும் இது நல்ல யோசனையா என்று பார்க்கத் தோன்றும். அதைப் பிறகு பார்க்கலாம். இதைச் செய்யும் அதிகாரம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது, அது யாருடைய அதிகாரம் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5, விதி 9(3)ஐத் திறந்து பாருங்கள். பதிவுத் தபால், விரைவுத் தபால், அனுமதி பெற்ற கூரியர் ஆகியவற்றோடு, ஃபேக்ஸ், மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் சம்மனைச் சார்வு செய்யலாம், அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கலாம் என்கிறது. ஆனால் அந்த வழிகளுக்கு உயர் நீதிமன்றம் விதி செய்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே சுற்றறிக்கை போட்டு இதை முடிக்க முடியாது. செலவு வாதியுடையது என்பதும் அந்த உள்விதியின் வரம்புரையிலேயே, அதாவது அதோடு சேர்ந்த நிபந்தனையிலேயே, இருக்கிறது. முன்மொழிவு அதைக் கவனித்திருக்கிறதா என்று பாருங்கள்.

விதி என்று வந்துவிட்டால் 122 முதல் 127 வரையுள்ள பிரிவுகளின் பாதையில்தான் போக வேண்டும். 122 உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. முன்கூட்டியே வெளியிட்ட பிறகே விதி செய்யலாம் என்றும் சொல்கிறது. அந்த வெளியீட்டை எப்படிச் செய்வது என்பது பொதுச் சொற்பொருள் சட்டம் 1897இன் 23ஆம் பிரிவில் இருக்கிறது: வரைவை வெளியிட்டு, இன்ன தேதியன்றோ அதற்குப் பிறகோ பரிசீலிப்போம் என்று அறிவித்து, அதற்குள் வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பார்த்தாக வேண்டும். ஆட்சேபம் ஒன்றுகூட வரவில்லையா? "எதுவும் வரவில்லை" என்று கோப்பில் எழுதி வையுங்கள். பின்னாளில் விதியை எதிர்த்து ரிட் மனு வந்தால் அந்த ஒரு வரிதான் கை கொடுக்கும். 124இன்படி குழு தன் அறிக்கையை உயர் நீதிமன்றத்துக்குத் தருகிறது. 126இன்படி மாநில அரசின் முன் ஒப்புதல் வேண்டும். 127இன்படி அரசிதழில் வந்த நாளிலிருந்து, அல்லது அதில் குறிப்பிட்ட வேறு நாளிலிருந்து, விதி நடைமுறைக்கு வரும். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். உயர் நீதிமன்றத்திலேயே நேரடியாகத் தாக்கலாகும் அசல் வழக்குகளுக்கான விதிகள் 129ஆம் பிரிவில் போகின்றன. அரசின் ஒப்புதலைக் கேட்கும் 126, தனக்கு முந்தைய பிரிவுகளின் விதிகளைப் பற்றித்தான் பேசுகிறது. இரண்டு பாதையையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள்.

குற்றவியல் சம்மனையும் சேர்த்துவிடலாமே என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 64ஆம் பிரிவில், நீதிமன்ற முத்திரையின் உருவம் பதித்த சம்மனை மின்வழியில் சார்வு செய்யும் முறைக்கு விதி செய்யும் அதிகாரம் மாநில அரசுக்குத் தரப்பட்டிருக்கிறது. அங்கே விதிக் குழுவுக்கு வேலை இல்லை. அதேபோல வணிக வழக்குகள்: வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015இன் 16(3)ஆம் பிரிவு, தான் திருத்திய நடைமுறைச் சட்டத்தோடு உயர் நீதிமன்ற விதி மோதினால் தன் திருத்தமே நிற்கும் என்கிறது. இரண்டையும் குறிப்பில் ஒவ்வொரு வரியாக எழுதிவிட்டால் கூட்டத்தில் அரை மணி நேரம் மிச்சம்.

வாட்ஸ்அப்புக்கு ஆதாரமாக, கொரோனா காலத்தில் 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை எடுத்து வைப்பார்கள். அது அந்த நேரத்துக் கஷ்டத்துக்காக வந்தது. நிரந்தர விதியை அதன் மேல் கட்ட முடியாது. விதி 9(3)இன் மேல்தான் கட்ட வேண்டும். 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூரியர் சார்வைப் பற்றிச் சொன்னதைத் தேடிப் படியுங்கள். சார்வு பற்றிப் பொய்யான மேற்குறிப்பு (உறையின் மேல் எழுதும் குறிப்பு) வாங்கி முறைகேடு நடக்காதபடி உயர் நீதிமன்றங்கள் விதியோ வழிகாட்டுதலோ செய்ய வேண்டும் என்றது. மின்னஞ்சலுக்கும் அதே கவலைதான். பிரதிவாதியின் முகவரி என்று வாதி தன் மைத்துனரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பிரதிவாதிக்குத் தெரியாமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகும். இதற்கு வரைவில் பதில் இருக்க வேண்டும்: அந்த முகவரி எங்கிருந்து கிடைத்தது என்று வாதி பிரமாணப் பத்திரம் தர வேண்டுமா, அனுப்பியதற்கு யார் சான்று தருவார், அஞ்சல் திரும்பி வந்தால் அடுத்து என்ன.

இனி குறிப்பின் வடிவம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். மீதி இணைப்பில் போகட்டும். முதல் பத்தியில் முன்மொழிவு என்ன, யார் அனுப்பியது, ஆர்.ஓ.சி. எண் (கடிதப் போக்குவரத்துக் கோப்பின் எண்), தேதி. இரண்டாவதில் அதிகாரம் தரும் பிரிவு. மூன்றாவதில் இதே பொருளில் முன்பு வந்த விதி, சுற்றறிக்கை, குழுத் தீர்மானம். இதற்குப் பழைய பி.டிஸ். கோப்புகளை (முடிந்த பின் நிரந்தரமாக வைக்கும் கோப்புகளை)த் தோண்டித்தான் ஆக வேண்டும். முன்பே ஒரு குழு நிராகரித்ததை, நிராகரித்த காரணம் தெரியாமல் மறுபடி வைப்பது போல நீதிபதிகளின் நேரத்தை வீணாக்குவது வேறில்லை. நான்காவதில் முன்மொழிவுக்கு எதிராக இருக்கும் சட்டச் சிக்கல். அதை இணைப்பின் ஆறாம் பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள். கடைசியில் குழு முடிவு செய்ய வேண்டிய கேள்விகள், "ஆம்", "இல்லை" என்று பதில் சொல்லக்கூடிய விதத்தில். "தக்க உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் எதைப் பற்றிய உத்தரவு என்று தேடும் வேலை நீதிபதியின் தலையில் விழும்.

இணைப்பில் முக்கியமானது மூன்று நெடுவரிசை அட்டவணை: இப்போதுள்ள விதி, முன்மொழியும் விதி, காரணம். மாறும் சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு. இந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தவரிடமே ஒப்பிடச் சொல்லாதீர்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்கட்டும், காற்புள்ளி உட்பட. அடுத்து படிவங்கள். விதியைத் திருத்திவிட்டு நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையின் பிற்சேர்க்கையில் இருக்கும் படிவத்தை மறந்துவிடும் பிழை எளிதில் நேரும். சம்மன் என்றால் பிற்சேர்க்கை 'பி'. விதி ஒன்று சொல்ல, பிரதிவாதியின் கைக்குப் போகும் தாள் வேறொன்று சொன்னால், பாவம், அவர் தாளைத்தான் நம்புவார்.

வரைவு குழுவுக்குப் போகும் முன், அதைச் செய்யப் போகிறவர்களிடம் கேளுங்கள். ஒரு பெருநகர நீதிமன்றம், ஒரு மாவட்டத் தலைநகரம், தாலுகாவில் ஒரு மாவட்ட முன்சீப் நீதிமன்றம் என்று மூன்று இடம் போதும். நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியரான சிரஸ்தாரிடமும், சம்மன்களை அனுப்பும் நாசர் பிரிவிலும் நான்கே கேள்வி கேளுங்கள்: எந்தக் கணினியிலிருந்து அனுப்புவீர்கள்? அனுப்பியதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவீர்கள்? சம்மனை நேரில் கொண்டுபோகும் அமீனா இப்போது தரும் அறிக்கைக்குப் பதில் வழக்குக் கோப்பில் எது சேரும்? மின்சாரம் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் வரைவின் பலவீனம் இந்தப் பதில்களில்தான் தெரியவரும். வாட்ஸ்அப் என்றால் யாருடைய கைபேசி எண் என்ற கேள்வி முதல் நாளே எழும். ஊழியரின் சொந்த எண்ணிலிருந்து சம்மன் போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து; அவர் மாற்றலாகிப் போனால் சார்வுக்கான ஆதாரமும் அவரோடு போய்விடும்.

புதுச்சேரியை மறந்துவிடாதீர்கள். அங்குள்ள நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன. விதி அங்கும் பொருந்த வேண்டுமானால் ஒப்புதலும் அரசிதழும் எப்படி என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

குழுவின் அமைப்பும் உங்கள் பொறுப்பில்தான் வரும். 123ஆம் பிரிவின்படி விதிக் குழுவில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர். அவர்களில் ஒருவராவது மூன்று ஆண்டு மாவட்ட நீதிபதியாக இருந்தவராக இருக்க வேண்டும். அவர்களோடு வழக்கறிஞர்கள் இருவர், கீழமை உரிமையியல் நீதிமன்ற நீதிபதி ஒருவர். குழுவுக்கு ஒரு செயலாளர் உண்டு, அவரை உயர் நீதிமன்றம் நியமிக்கும் என்பதும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. நீங்கள் உட்காரும் நாற்காலியையே சட்டம் சொல்லி வைத்திருக்கிறது. அதில் கூச்சம் வேண்டாம். கோப்பை நீதிபதிகளுக்கு மட்டும் சுற்றுக்கு விட்டு, வழக்கறிஞர் உறுப்பினர்களை விட்டுவிடாதீர்கள். ஒரே கோப்பை வரிசையாக அனுப்பாமல் ஆளுக்கொரு நகலாக ஒரே நாளில் அனுப்புங்கள். ஒரே கோப்பு என்றால் ஒரு மேசையில் மூன்று வாரம் தூங்கும். கூட்டத்துக்கு ஏழு முழு நாள் முன்பு கூட்டப்பொருள் கையில் கிடைக்க வேண்டும்.

கருத்து வேறுபாட்டைப் பற்றி. இரண்டு நீதிபதிகள் எழுதியனுப்பிய கருத்து வேறுபட்டால், நடுவில் ஒரு சமரச வாசகத்தை நீங்களாக எழுதாதீர்கள். அவரவர் சொற்களிலேயே பக்கத்துக்குப் பக்கமாக வைத்து, எந்த வாசகத்தில் பிரிகிறார்கள் என்பதை மட்டும் காட்டுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எடுத்த முடிவு, அதன் காரணம், செய்ய வேண்டியவர், நாள் இவை போதும்; யார் என்ன பேசினார் என்பது வேண்டாம். தம் மாற்றுக் கருத்தைப் பதியச் சொல்லும் உறுப்பினர் இருந்தால் அவர் வாசகத்தையே போட்டு, அவரிடம் காட்டிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவு இரண்டு வேலை நாளுக்குள் தலைவரின் மேசைக்குப் போக வேண்டும். இதில் சோம்பல் கூடாது: உயர் நீதிமன்ற நீதிபதிகள் 62 வயதில் ஓய்வு பெறுகிறார்கள், மாற்றலாகியும் போகிறார்கள், குழுக்களும் மாற்றி அமைக்கப்படுகின்றன. குறிப்பு உறுதிப்படும் முன் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டால் அந்தக் கூட்டமே நடக்காதது போல ஆகிவிடும். உறுப்பினர்களின் ஓய்வுத் தேதியை உங்கள் மேசை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கூட்டப்பொருளில் "முழு அமர்வின் முடிவுக்கு" என்று எழுதிவிடாதீர்கள். முழு அமர்வு என்றால் வழக்கு விசாரிக்கும் மூன்று நீதிபதிகளின் அமர்வு என்றுதான் படிப்பார்கள். எல்லா நீதிபதிகளும் கூடும் நிர்வாகக் கூட்டத்துக்கு ஃபுல் கோர்ட் என்றே எழுதுங்கள். அடுத்த குழுக்களின் வேலையும் உங்களிடம் வரும்போது இது இன்னும் முக்கியம். உயர் நீதிமன்ற ஊழியர் நியமனம் அரசியலமைப்பின் 229ஆம் உறுப்பின்படி தலைமை நீதிபதியுடையது. கீழமை நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாடு 235ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றம் முழுவதற்கும் உரியது. அதை ஒரு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோப்பு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இந்த இரண்டு உறுப்புகள்தான் தீர்மானிக்கின்றன.

தவறு என்று தோன்றினால் சொல்லலாமா என்றா கேட்கிறீர்கள்? சொல்லத்தான் வேண்டும். ஆனால் இடம் பார்த்து. குறிப்பில் சொல்லுங்கள், பிரிவு எண்ணோடு. கூட்டத்தில் கேட்டால் சொல்லுங்கள், சுருக்கமாக. முடிவான பிறகு அது சட்டத்தோடு மோதுகிறது என்று கண்டுபிடித்தால், அரசுக்கு அனுப்பும் முன், பதிவாளர் வழியாகத் தலைவருக்கு ஒரே ஒரு மறுபரிசீலனைக் குறிப்பு வையுங்கள்: "இந்த வாசகம் விதி 9(3)இன் வரம்புரையோடு பொருந்தவில்லை, இப்படி மாற்றினால் பொருந்தும்." மாற்று வாசகம் இல்லாமல் ஆட்சேபத்தை மட்டும் வைக்காதீர்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதும் சட்டப்படி செல்லாது என்பதும் வேறு. முன்னதைக் குறிப்பில் ஒருமுறை சொன்னதோடு விட்டுவிட்டு, முடிவை முழு மனதோடு நிறைவேற்றுங்கள். வரைவை வெளியிடும் வரை வழக்கறிஞர் சங்க நண்பர்களிடமோ பத்திரிகைக்காரர்களிடமோ அதைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

முன்மொழிவு உள்துறைக்குப் போன பிறகு, அனுப்பிய தேதி, கேட்ட விளக்கம், பதில் தந்த தேதி, அரசிதழ் எண் என்று ஒரு பதிவேட்டில் வாரம் ஒருமுறை எழுதுங்கள். இந்த வாரமே அந்த மூன்று நீதிமன்றங்களுக்கும் கடிதம் போகட்டும். சிரஸ்தார்கள் பதில் எழுத பத்து நாளாவது கொடுங்கள்.